புதுப்பிப்பு: சிங்கப்பூரில் தம்பிக்கு விரலில் அடி, சம்பளப் பாக்கி வந்துவிட்டது

கட்டுமானத் தளத்தில் தம்பியின் விரல் நசுங்கியதையும், எம்சியில் (டாக்டர் எழுதிக் கொடுத்த மருத்துவ விடுப்பில்) இருந்த 12 நாளுக்கும் அதன்பின் லைட் டியூட்டி (அடிபட்டவருக்குக் கொடுக்கும் இலகுவான வேலை) பார்த்த நாட்களுக்கும் கம்பெனி அடிப்படைச் சம்பளம் மட்டும் கொடுத்ததையும் போன பதிவில் எழுதியிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"கம்பெனிக்காகக் காத்திருக்காதே, நீயே மனிதவள அமைச்சில் இழப்பீடு கேள்" என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் பலித்தது. விபத்து நடந்து ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். வக்கீல் தேவைப்படவில்லை. முதல் நாளே டாக்டரிடம் "வேலையில் பட்ட அடி" என்று சொல்லிப் பதிய வைத்தது பெரிய உதவி. தயவுசெய்து யாரும் பயந்துபோய் "ரூமில் விழுந்தேன்" என்று சொல்லிவிடாதீர்கள்.

எதிர்பாராத விஷயம் ஒன்று: எம்சி நாட்களுக்கான சம்பளத்தைச் சராசரி மாத வருமானத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள், அதில் ஓவர்டைமும் சேரும். லைட் டியூட்டி நாட்களுக்கும் அதே கணக்குதான். 2020 செப்டம்பரில் நடப்புக்கு வந்த சட்டம் அப்படிச் சொல்கிறது. வெளிநோயாளி எம்சிக்கு முதல் 14 நாள் முழுச் சம்பளம், அப்புறம் மூன்றில் இரண்டு பங்கு.

விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. நிரந்தரக் குறைபாடு உண்டா என்று டாக்டர் பார்த்துச் சொன்னதும் இங்கேயே எழுதுகிறேன்.