சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டுமா?

கொங்குச்சீமையான்:

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பற்றி ஒரு கேள்வி. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி வைத்தார்கள். சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கு மாத்திரை வீடு தேடி வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வலித்தணிப்பு, பக்கவாதம் வந்தவருக்கு இயன்முறை சிகிச்சை, சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வயிற்று வழி டயாலிசிஸ் பை எல்லாம் இதே திட்டத்தில்தான் தருகிறார்கள். அதில் எனக்கு மறுப்பே இல்லை.

என் வருத்தம் நன்றாக நடமாடுகிறவர்களைப் பற்றி. மாத்திரையை வாங்கி வைத்துவிட்டு நேராக பேக்கரிக்குப் போய் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிடுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். நடக்கச் சொன்னால் நேரமில்லை. சிகரெட்டுக்கு மட்டும் நேரம் உண்டு. அப்புறம் காலில் புண் வந்து விரலை எடுக்க வேண்டிய நிலை வரும்போது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு ஓடுவார்கள். அந்தச் செலவு எங்கிருந்து வருகிறது? வாயைக் கட்டி, தினமும் நடந்து, உடம்பைக் காப்பாற்றிக்கொள்கிறவனின் வரியும் அதில் இருக்கிறது.

என் யோசனை இதுதான். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரியைக் காட்டும் பரிசோதனையைக் கட்டாயமாக்குங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை சர்க்கரை குறையவில்லை என்றால் மாத்திரை விலையில் பாதியை அவரே கட்டட்டும். புகை பிடிப்பவருக்கு காப்பீட்டில் ஒரு பங்கைக் குறையுங்கள். தன் உடம்புக்குத் தான்தான் முதல் பொறுப்பு என்பதை அரசாங்கம் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

சித்திரைநிலா:

அண்ணா, நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ். நீங்கள் சொல்கிற பேக்கரி ஆட்களை எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் கேட்கிற நிபந்தனையை இன்றைக்கு வைத்தால் யார் மிஞ்சுவார்கள் என்று பாருங்கள். 2020ல் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் என்ற நோய்க் கணக்கெடுப்பில், பிரஷர் உள்ளவர்களில் ஏறத்தாழ 7 சதவீதம் பேருக்கும் சுகர் உள்ளவர்களில் ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. அந்த நிலையைப் பார்த்துத்தான் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோக முடிவெடுத்தார்கள். உங்கள் அளவுகோலை வைத்தால் பத்தில் ஒன்பது பேர் காசு கட்டுகிற வரிசையில் நிற்பார்கள்.

காசு கட்டச் சொன்னால் அவர்கள் நடக்க ஆரம்பிக்க மாட்டார்கள். மாத்திரையை நிறுத்துவார்கள். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ‘தலைசுற்றல் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று விட்டுவிடுவார்கள். சுகரும் பிரஷரும் வலிக்காத நோய்கள், அதுதான் பெரிய சிக்கல்.

இன்னொன்று. சராசரி எண்ணை நீங்கள் நன்னடத்தைச் சான்றிதழாக நினைக்கிறீர்கள். அது அப்படி இல்லை. பிரிட்டனில் 1977ல் தொடங்கி 20 ஆண்டுகள், 5,102 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 1998ல் வந்தது. மருந்தால் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்பு 25 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஒழுங்காக மருந்து எடுத்தவர்களுக்கும் ஆண்டுகள் போகப் போக சர்க்கரை மெல்ல ஏறியது. கணையம் களைத்துப்போவது இந்த நோயின் இயல்பு. பத்து வருடம் கட்டுப்பாடாக இருந்த ஒரு பாட்டிக்கு எண் ஏறினால் அவருக்கு அபராதம், நோய் வந்து ஆறே மாதமான பேக்கரி ஆளுக்குச் சலுகை என்றுதான் உங்கள் திட்டம் முடியும்.

செலவையும் சொல்கிறேன். 1994ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்குவதால் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை ஒன்று அரசுக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவு. சுகரால் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் என்றால் வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், உயிர் உள்ளவரை. வரிப்பணத்தைக் காப்பாற்ற நினைத்தால் மாத்திரையில் கை வைக்கக் கூடாது.

வைகைக்கரையோன்:

பொறுப்பு, பொறுப்பு என்கிறோமே, அரசாங்கத்தின் பொறுப்பு எங்கே? தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பது டாஸ்மாக் மட்டும்தான். 2023–24ல் அதிலிருந்து வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு கையால் குவார்ட்டரை விற்றுவிட்டு, மறு கையால் பிரஷர் மாத்திரை கொடுத்து, ‘உன் உடம்பை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று குடிமகனுக்கு உபதேசம் செய்ய அரசுக்கு என்ன தகுதி இருக்கிறது? கொங்கு நண்பர் முதலில் அந்தக் கடைகளைப் பற்றிப் பேசட்டும். காலையில் நடக்கச் சொல்கிறாரே, எங்கள் பகுதியில் நடைபாதை எங்கே இருக்கிறது என்று காட்டட்டும்.

கொங்குச்சீமையான்:

டாஸ்மாக் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஆனால் கடை இருக்கிற தெருவில் எல்லோருமா குடிக்கிறார்கள்? அதே தெருவில், அதே வருமானத்தில், குடிக்காமல் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவரும் இருக்கிறார். அவருடைய மன உறுதிக்கு ஒரு மதிப்பும் இல்லையா? எல்லாவற்றுக்கும் சூழல்தான் காரணம் என்றால் அந்த மனிதரை நாம் அவமதிக்கிறோம்.

சகோதரிக்கு: எண்ணை வைத்து அளக்கக் கூடாது என்பதற்கு நீங்கள் சொன்ன காரணம் கனமானது. சரி, எண் வேண்டாம். வருகையை வைத்து அளக்கலாமே? ஜெர்மனியில் ஒவ்வொரு ஆண்டும் பல் மருத்துவரிடம் போய் ஒரு சிறு புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொள்கிறார்கள். செயற்கைப் பல் கட்ட வேண்டி வந்தால் வழக்கமான சிகிச்சைச் செலவில் 60 சதவீதத்தைக் காப்பீடு தரும். ஐந்து ஆண்டு விடாமல் முத்திரை இருந்தால் 70, பத்து ஆண்டு என்றால் 75. பல் சொத்தையானதற்காக யாரையும் தண்டிக்கவில்லை, அக்கறை எடுத்தவருக்குக் கூடக் கொடுக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்முடைய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டமே இருக்கிறது. 12 வாரத்துக்குள் பதிவு, பரிசோதனை, அரசு மருத்துவமனையில் பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி என்று ஒவ்வொன்றும் நடந்தால்தான் தவணை வரும். ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய். கர்ப்பிணிக்கு நிபந்தனை வைக்கலாம், ஐம்பது வயது ஆணுக்கு வைக்கக் கூடாதா?

சிராங்கூன்வாசி:

சிங்கப்பூரில் நடந்ததைச் சொல்கிறேன். இங்கே சீனர்களைவிட நம் இந்தியர்களிடம் நீரிழிவு அதிகம், அதனால் எங்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 2016ல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போர் என்று அறிவித்தது. முதலில் நடங்கள், குறைத்துச் சாப்பிடுங்கள் என்று பிரசாரம்தான் நிறைய. அப்புறம் 2022 டிசம்பர் 30 முதல் பாட்டில், டப்பா பானங்களுக்கு நியூட்ரி-கிரேடு வந்தது. சர்க்கரை அளவைப் பார்த்து ஏ முதல் டி வரை தரம். சி, டி என்றால் முகப்பிலேயே குறி போட வேண்டும். டி பானத்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது. ஓராண்டு கழித்துக் கடையில் கலக்கும் தேநீர், காப்பிக்கும் இதே விதி வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, நிறுவனங்கள் விதி வருகிறது என்று தெரிந்ததுமே சர்க்கரையைக் குறைக்க ஆரம்பித்தன. 2017ல் பானங்களின் இடைநிலைச் சர்க்கரை அளவு 7.1 சதவீதம். 2023ல் 4.6. குடிக்கிறவர் தன் பழக்கத்தை மாற்றவே இல்லை, வழக்கமான பாட்டிலைத்தான் எடுத்தார். உள்ளே இருந்தது மாறிவிட்டது. குறியைப் பார்த்துவிட்டு ‘சர்க்கரை குறைவாகப் போடுங்கள்’ என்று கேட்கிறவர்களும் கூடினார்கள் என்பது உண்மை. ஆனால் பெரிய வேலையைச் செய்தது தயாரிப்பாளர் மேல் வைத்த கட்டுப்பாடு. இந்தியாவில் 2022ல் நட்சத்திரக் குறி போடலாம் என்று ஒரு வரைவு வந்தது. கெட்ட பண்டத்துக்கும் இரண்டு நட்சத்திரம் கொடுத்தால் அது பாராட்டு மாதிரித்தான் தெரியும். சிலி நாடு 2016லேயே கறுப்பு எண்கோணம் போட்டு ‘சர்க்கரை அதிகம்’ என்று நேராகச் சொல்லிவிட்டது. அந்த மாதிரி குறிதான் வேண்டும்.

மேழி:

பாட்டில் பானம் நகரத்துப் பிரச்சினை. எங்கள் பக்கம் தட்டில் இருப்பது சோறு. 2011 ஜூன் முதல் ரேஷனில் 20 கிலோ வரை அரிசி இலவசம். அது பசியைப் போக்கியது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று வேளையும் அரிசியாகிப் போனதற்குக் காரணம் எங்கள் நாக்கு மட்டுமா? பருப்பும் முட்டையும் அந்த விலைக்கு வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2023 மே மாதம் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். அதை எல்லா மாவட்டத்துக்கும் கொண்டுவரட்டும். அதன் பிறகு எங்களைக் கேள்வி கேட்கலாம்.

சித்திரைநிலா:

கொங்கு அண்ணா, மகப்பேறு நிதியைச் சொன்னது நல்ல வாதம். ஆனால் அதில் தவணை தவறினால் அந்தப் பெண்ணுக்குப் பணம்தான் வராது. பிரசவம் பார்க்க மாட்டோம் என்றோ, இரும்புச்சத்து மாத்திரை கிடையாது என்றோ எந்த ஆஸ்பத்திரியும் சொல்லாது. நீங்கள் முதலில் கேட்டது மருந்திலேயே கை வைப்பதை.

மருந்திலேயே கை வைத்துப் பார்த்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 2007ல் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டை இரண்டாகப் பிரித்தார்கள். ‘மருத்துவரிடம் ஒழுங்காக வருவேன், மருந்தைச் சரியாகச் சாப்பிடுவேன்’ என்று கையெழுத்துப் போட்டால் கூடுதல் சலுகைத் திட்டம். போடாவிட்டால் அடிப்படைத் திட்டம், அதில் மாதத்துக்கு நான்கு மருந்துக்கு மேல் கிடையாது. பெரும்பாலானவர்கள் கையெழுத்தே போடவில்லை. கடிதம் புரியாதவர்கள், போக நேரமில்லாதவர்கள் எல்லோரும் தானாகவே குறைந்த திட்டத்தில் விழுந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி குழந்தைகள். சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள். பொறுப்பில்லாதவரைப் பிடிக்கப் போட்ட வலையில் இயலாதவர்தான் மாட்டுகிறார். எங்கள் ஊரிலும் அதுதான் நடக்கும்.

வருகை என்கிறீர்கள். எங்கள் புறநோயாளிப் பிரிவு காலை நேரத்தில். நூறு நாள் வேலைக்கும் மில் ஷிப்டுக்கும் போகிறவர் அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் வர முடியும். வந்தால் ஓபி சீட்டுக்கு வரிசை, ரத்தம் எடுக்க வரிசை, மாத்திரைக்கு வரிசை. இதையெல்லாம் சரி செய்யாமல் ‘வரவில்லை, அக்கறை இல்லை’ என்று எழுதி வைப்பதற்கு எனக்கு மனம் ஒப்பாது. வாரத்தில் இரண்டு நாள் மாலையில் சுகர் கிளினிக் நடத்துங்கள். அப்போதும் வராதவரைப் பற்றிப் பேசலாம்.

கொங்குச்சீமையான்:

சரி, மாத்திரையைத் தொட வேண்டாம். அதை விட்டுவிடுகிறேன். ஆனால் பாதிப் பொறுப்பாவது நோயாளி பக்கம் இருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. மாத்திரை வீட்டுக்கு வந்துவிடுவதால் ஆஸ்பத்திரிக்கே போவதில்லை என்று ஆகிவிட்டால் கண்ணையும் காலையும் யார் பார்ப்பது? ஆண்டுக்கு ஒரு முறை வந்து கால் பரிசோதனை செய்துகொள்கிறவருக்கு ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பு, அதாவது சர்க்கரை நோயாளிகளுக்கான மென்மையான ரப்பர் செருப்பு, கொடுங்கள். அக்கறைக்கு ஒரு மரியாதையாக இருக்கட்டும்.

வைகைக்கரையோன்:

இதற்கு நான் கை தூக்குகிறேன். செலவுக்கு டாஸ்மாக் வருவாயிலிருந்து எடுங்கள்.

சித்திரைநிலா:

கண், கால் பற்றி நீங்கள் சொன்னது இந்தத் திட்டத்தின் உண்மையான ஓட்டை. வீட்டுக்கு வரும் தன்னார்வலர் பிரஷர் பார்ப்பார், மாத்திரை கொடுப்பார், கண்ணின் விழித்திரையை அவரால் பார்க்க முடியாது. காலுக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. 10 கிராம் நைலான் இழையைப் பாதத்தில் சில இடங்களில் வைத்து அழுத்தி, தெரிகிறதா என்று கேட்கும் சோதனை. சில நிமிடம் போதும். அதைத் தன்னார்வலர்களுக்குக் கற்றுக்கொடுத்து வீட்டிலேயே செய்யலாம், மரத்துப்போன கால்களை மட்டும் எங்களிடம் அனுப்பலாம்.

ஆனால் செருப்பைப் பரிசாக்காதீர்கள். எம்.சி.ஆர். செருப்பு மரத்துப்போன காலுக்குச் சிகிச்சை. முள் குத்தினாலும் தெரியாத கால் அது. வந்தவருக்கு உண்டு, வராதவருக்கு இல்லை என்றால் விரல் போகப் போவது வராதவருக்குத்தான். பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சோதனைக்கு வரும் நாளின் கூலியைக் கொடுங்கள்.

கொங்குச்சீமையான்:

கூலி கொடுப்பதற்குச் சம்மதம். தன்னார்வலருக்கு நைலான் இழையும் பயிற்சியும் கொடுப்பதற்கும் சம்மதம். சிகரெட் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மருத்துவர் நிறுத்தச் சொல்லி, நிறுத்த உதவியும் கொடுத்து, அப்புறமும் பிடிக்கிறவருடைய இதய அறுவைச் செலவில் ஒரு பங்கு அவருடையதுதான்.

சித்திரைநிலா:

அந்த உதவி எத்தனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் உண்மையில் கிடைக்கிறது என்று உங்கள் ஊரில் போய் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் அண்ணா. நிகோட்டின் சூயிங்கம் எங்கள் நிலையத்தில் இதுவரை வந்ததில்லை. அது வந்து சேரட்டும், பங்கைப் பற்றி அப்போது பேசுவோம்.