சேர்ந்து உட்கார்ந்தாலும் பேச்சு வீட்டுக் கணக்கில்தான் முடிகிறது

கேள்வி:
எங்களுக்குத் திருமணமாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இருவரும் வேலைக்குச் செல்வதால், ஞாயிற்றுக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரத்தை எங்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். ஆனால், உட்கார்ந்த பத்தாவது நிமிடத்திலேயே மின்கட்டணம், விடுப்புக் கணக்கு, ஒழுகும் குழாய் என்று பேச்சு திசை மாறிவிடுகிறது. அதுவும் தீர்ந்ததும் ஆளுக்கொரு கைபேசியை எடுத்துக்கொள்கிறோம். சண்டை என்று எதுவும் இல்லை. அந்த இரண்டு மணி நேரம் எப்போது முடியும் என்று எனக்கே தோன்றத் தொடங்கியிருப்பதுதான் கவலையாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
எங்கள் வீட்டிலும் இதே கதைதான். வீட்டு வேலைப் பேச்சுக்குத் தடை போட்டுப் பயனில்லை. அதற்கென்று தனியாக ஓர் இடம் கொடுத்தால்தான் அது இங்கே தலைகாட்டாது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, நினைவுக்கு வருவதையெல்லாம் அதில் எழுதி வைத்து, சனிக்கிழமை காலையில் அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், தாம் ஆராய்ந்த புதுமணத் தம்பதியரை ஆறு ஆண்டுகள் கழித்து மீண்டும் தொடர்புகொண்டார். சேர்ந்து வாழ்ந்தவர்கள், துணையின் கவனத்தை நாடும் சிறு சொல்லுக்கும் சைகைக்கும் 86 விழுக்காடு நேரங்களில் முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்தவர்களிடம் அது 33 விழுக்காடாகவே இருந்தது. "வெளியே பார், என்ன மழை!" என்று உங்கள் துணை சொல்லும்போது நீங்கள் நிமிர்ந்து ஜன்னலைப் பார்க்கிறீர்களா, திரையைப் பார்த்தபடியே "ம்" கொட்டுகிறீர்களா? ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு மற்ற ஆறு நாள்களை முதலில் கவனியுங்கள்.

பதில் 2:
எதிரெதிரே உட்கார்ந்து "இப்போது பேசுவோம்" என்றால் அது நேர்காணலாகிவிடும். கைக்கு ஏதாவது வேலை இருக்கட்டும். உளவியலாளர் ஆர்தர் ஆரன் குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், தம்பதியரின் கையையும் காலையும் சேர்த்துக் கட்டி, ஒரு தலையணையைக் கையால் பிடிக்காமல் இருவருக்கும் இடையே தாங்கியபடி தவழச் சொன்னார்கள். வெறும் ஏழு நிமிட விளையாட்டுதான்; ஆனாலும், சலிப்பான வேலை கொடுக்கப்பட்டவர்களைவிட அவர்களிடம் உறவைப் பற்றிய நிறைவு கூடியிருந்தது. நாங்கள் தவழும் அளவுக்குப் போகவில்லை. இருவருக்குமே தெரியாத ஒரு சீட்டாட்டத்தைக் கற்றுக்கொண்டோம். விதி புரியாமல் தடுமாறிய அன்றுதான், அலுவலகத்தில் மாதக்கணக்காக மனத்துக்குள் புழுங்கிக்கொண்டிருந்த ஒன்றை என் கணவர் சீட்டைக் கலைத்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல், தானாகச் சொன்னார்.

பதில் 3:
பேசாமல் இருப்பதையும் குறையாக எண்ண வேண்டாம். என் மனைவிக்கு வேலை முடிந்து வந்தால் அரை மணி நேரம் மௌனம் வேண்டும். அது விலகல் அல்ல என்று புரிந்துகொள்ள எனக்குத்தான் இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. தாளை ஒட்டிவிட்டோம், ஒரே வாரத்தில் பதினான்கு வரிகள் சேர்ந்துவிட்டன. நேற்று கைபேசிகளை உள்ளே வைத்துவிட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்தோம். முதல் கால் மணி நேரம் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே இருவருக்கும் தெரியவில்லை. பிறகு அவர் மெல்லக் குழாயைப் பற்றி ஆரம்பித்தார். "தாளில் இருக்கிறது" என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.