கிராண்ட் கேன்யன்: சவுத் கைபாப், பிரைட் ஏஞ்சல் பாதைகளில் இறங்கப் போகிறவர்களுக்கு நடையன், தாகம், கால்கட்டை என்ற புனைபெயர்களில் மூவர் சொல்வது

நடையன்:
மலை என்றால் ஏறும்போதே மூச்சு வாங்கும், முடியாவிட்டால் திரும்பிவிடலாம். அமெரிக்காவின் இந்தப் பெரிய பள்ளத்தாக்கில் எல்லாம் தலைகீழ். இறக்கம் சுகமாகப் போகும். கால் கெஞ்சத் தொடங்கும்போது ஏற்றம் முழுசும் பாக்கி நிற்கும். இறங்க ஒரு மணி என்றால் ஏற இரண்டு மணி என்று கணக்கு வையுங்கள். சவுத் கைபாபில் சீடர் ரிட்ஜ் என்ற மேடு வரை 1.5 மைல், ஏறத்தாழ 340 மீட்டர் இறக்கம். கோடையில் அங்கேயே திரும்பிவிடுவது நல்லது. கொலராடோ ஆறு முதலில் கண்ணில் படுவது 3 மைலில், ஸ்கெலிட்டன் பாயின்டில். ஆறு வரை போய் அன்றே திரும்புவதைப் பூங்கா நிர்வாகமே வேண்டாம் என்கிறது.

தாகம்:
சவுத் கைபாப் வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, நிழலும் பேருக்குத்தான். பிரைட் ஏஞ்சலில் 1.5 மைல், 3 மைல் ஓய்விடங்களில் குழாய் உண்டு. குளிர்காலத்தில் அடைத்துவிடுவார்கள். கோடையிலும் முழுசாக நம்பாதீர்கள்; 1960களில் போடத் தொடங்கிய பழைய குழாய் அது, அடிக்கடி உடையும். கிளம்புகிற அன்று காலை அறிவிப்பைப் பார்த்துவிட்டே இறங்குங்கள்.

பலர் கோட்டை விடுவது உப்பில். வெறும் தண்ணீரையே மடக் மடக்கென்று குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, குமட்டல், பேச்சுக் குழறல் எல்லாம் வெயில் மயக்கம் போலவே இருக்கும். கூட வருபவர் பதறி இன்னும் தண்ணீர் ஊற்றுவார், நிலைமை மோசமாகும். நிறையக் குடித்து, சிறுநீர் நிறமே இல்லாமல் அடிக்கடி போனால் சந்தேகப்படுங்கள். தொப்பி விளிம்பில் வெள்ளைக் கோடு படிகிறதா? உடம்பு இழக்கிற உப்பு அதுதான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உப்பு பிஸ்கட்டோ வறுத்த கடலையோ வாயில் போடுங்கள், பசிக்காவிட்டாலும்.

கால்கட்டை:
கால் நகத்தை முந்தின நாளே ஒட்ட வெட்டுங்கள். இறக்கத்தில் விரல் ஷூ முனையில் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும். கணுக்கால் பக்கம் கயிறை இறுக்கினால் பாதம் முன்னால் சரியாது. கைபாபில் குறுக்கே கட்டை போட்ட படிகளில் மண் அரித்து ஒவ்வொன்றும் ஒரு உயரம். முட்டிக்கு ஊன்றுகோல் இரண்டு வேண்டும்.

கோவேறு கழுதைகள் வந்தால் மலை மேலே உயரும் பக்கம் ஒதுங்கி, ஓட்டுபவர் சொல்கிறபடி அசையாமல் நில்லுங்கள். கடைசிக் கழுதை 15 மீட்டர் தாண்டும்வரை பாதைக்கு வராதீர்கள். விளிம்புப் பக்கம் மட்டும் நிற்கவே கூடாது.

நடையன்:
விட்டுப்போனது: கைபாப் தொடக்கத்துக்குச் சொந்தக் கார் போகாது, ஷட்டில் பஸ்தான். கோடையில் விடியற்காலை பஸ்ஸைப் பிடியுங்கள். 10 மணி முதல் 4 மணி வரை ஏற்றத்தில் இருக்கவே கூடாது.

தாகம்:
பையைத் தரையில் வைக்காதீர்கள். அணில் ஜிப்பைக் கடித்துத் திறக்கும், விரட்டினால் விரலையும் கடிக்கும்.