மவுஸ் இடது பட்டன் அழுத்தினால் கேட்கவே மாட்டேன் என்கிறது

கேள்வி:
வயர் மவுஸ், வாங்கி மூன்று வருடம் இருக்கும். இடது பட்டனை மெதுவாக அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை, ஓங்கி அழுத்தினால்தான் கிளிக் ஆகிறது, ஃபைலை இழுத்துக்கொண்டு போனால் பாதி வழியில் விட்டுவிடுகிறது. வலது பட்டன், வீல் இரண்டும் ஒழுங்காக இருக்கின்றன. டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டும் பார்த்தாயிற்று. புதிதாகவே வாங்கிவிடலாமா?

பதில் 1:
அவசரப்படாதீர்கள். முதலில் வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கேயும் இதே கதை என்றால் விண்டோஸைத் திட்டிப் பயனில்லை. அதுவரை செட்டிங்ஸில் இடது வலது பட்டனை மாற்றி வைத்துக்கொண்டால் வேலை ஓடும்.

பதில் 2:
மைக்ரோ சுவிட்ச்தான். பட்டனுக்குக் கீழே சின்னதாக ஒரு பெட்டி, அதற்குள் மெல்லிய செம்புத் தகடு வளைந்து நிற்கும். அது தொடும் இடத்தில் கறை படிந்தாலோ தகடு தளர்ந்தாலோ இப்படித்தான் ஆகும். முதலில் கம்ப்யூட்டரிலிருந்து வயரைக் கழற்றிவிடுங்கள். ஸ்குரூ வெளியே தெரியாவிட்டால் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டையை உரித்துப் பாருங்கள். சுவிட்சின் மேல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (எலக்ட்ரானிக் பாகங்களைச் சுத்தம் செய்யும், சீக்கிரம் காயும் திரவம்) ஒரு சொட்டு விட்டு இருபது முப்பது தடவை அமுக்குங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு மூடுங்கள். தேங்காய் எண்ணெய் விட்ட ஆளைப் பார்த்திருக்கிறேன், அந்த வேலை வேண்டாம்.

கேட்டவர்:
திறந்தேன். வீலைச் சுற்றி ஒரு பந்து முடி! ஆல்கஹால் விட்டதும் லேசாகத் தொட்டாலே கிளிக் ஆகிறது.

பதில் 2:
சரி. மறுபடி வந்தால் சுவிட்சையே மாற்றணும், சாலிடரை (சுவிட்சை போர்டில் ஒட்டவைத்திருக்கும் உலோகப் பற்றை) உருக்கி அதன் மூன்று கால்களையும் எடுக்க வேண்டியிருக்கும்.