மலை ஊர்ல ஸ்மார்ட் மிரர் கட்டினவங்க அனுபவத்தை இங்க போடுங்க

குன்னூர்க்காரன்
ஸ்மார்ட் மிரர்னா முகம் பாக்கற கண்ணாடிக்குப் பின்னாடி ஸ்கிரீன் வச்சு நேரம், வானிலையெல்லாம் அதுலயே காட்டறது. பழைய லேப்டாப் பேனல், அத ஓட்ட ஒரு கன்ட்ரோலர் போர்டு, ராஸ்பெரி பை 4ங்கற குட்டி கம்ப்யூட்டர், முன்னாடி டூ-வே அக்ரிலிக் (முகமும் தெரியும், பின்னாடி இருக்கற ஸ்கிரீன் வெளிச்சமும் வரும் பிளாஸ்டிக் ஷீட்), உள்ள மேஜிக்மிரர் சாஃப்ட்வேர். இந்த செட்டப்புக்கு யூடியூப்ல வீடியோ கொட்டிக் கிடக்கு, அதனால கட்டுற கதைய நான் எழுதப் போறதில்ல. கட்டி முடிச்சு நம்ம ஊர் குளிர்லயும் ஈரத்துலயும் மாட்டினப்புறம் என்னாகுதுன்னு யாரும் பேசக் காணோம், அதான் ஆரம்பிக்கிறேன்.

எனக்கு தண்ணி காட்டினது சென்சார். ஆள் வந்தா மட்டும் ஸ்கிரீன் எரியணும்னு வெள்ளைக் குமிழ் வச்ச பிஐஆர் சென்சார (ஆள் அசைஞ்சா கண்டுபிடிக்கறது) கண்ணாடிக்குப் பின்னாடி ஒட்டியாச்சு. டேபிள் மேல வெறுமனே கிடந்தா விரல அசைச்சாலே பிடிக்குது, கண்ணாடிக்குப் பின்னாடி போனா அசையவே மாட்டேங்குது. ஒயர் மாத்தி, பின் மாத்தி, அதுல இருக்கற ரெண்டு ஆரஞ்சு திருகையும் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருகிப் பாத்தாச்சு. விஷயம் என்னன்னா அது பாக்கறது நம்ம உடம்புச் சூட்டை, அந்த அகச்சிவப்பு அலை 10 மைக்ரான் கிட்ட இருக்கும், கண்ணாடியோ அக்ரிலிக்கோ எதுவும் அத உள்ள விடாது. ஃப்ரேம் அடியில ஓட்டை போட்டு குமிழ மட்டும் வெளிய நீட்டி விட்டா வேலை செய்யும், எனக்கு அந்த ஓட்டை கண்ண உறுத்துச்சு, அதனால ரேடார் சென்சாருக்கு மாறிட்டேன். அதையும் கண்ணாடிக்கு நேர் பின்னாடி வைக்காதீங்க, மிரர் பூச்சு உலோகம், சிக்னல அடக்கிரும். மரச்சட்டத்துக்குப் பின்னாடி வச்சா மரத்தத் தாண்டி சூப்பரா வருது. ஒரே தொல்லை, மெல்லிசான சுவத்தையும் அது தாண்டும், பக்கத்து ரூம்ல பாட்டி பொரண்டு படுத்தா ஹால்ல கண்ணாடி முழிச்சுக்குது.

கோத்தகிரி ஹட்டி
அண்ணா உங்களுக்கு சென்சார், எங்களுக்கு கரண்டு. வடகிழக்கு மழை பிடிச்சா எங்க ஹட்டில (எங்க ஊர்ப்பக்கம் கிராமத்த அப்படித்தான் சொல்வோம்) மரம் விழுந்து லைன் போறதும் வர்றதுமாவே இருக்கும். ராஸ்பெரி பை 4ல கடிகாரத்துக்குன்னு தனி பேட்டரி கிடையாது, நேரத்த இன்டர்நெட்ல இருந்து தான் எடுத்துக்கும், கரண்டு வந்தாலும் நெட் வர லேட்டாகும், அதுவரைக்கும் கண்ணாடி கடைசியா எந்த நேரத்த ஞாபகம் வச்சிருந்துச்சோ அங்க இருந்தே ஓடிட்டு பின்தங்கி நிக்கும். அப்பா அதப் பாத்துட்டு "இன்னும் ஆறு மணி ஆகலியே"ன்னு திரும்பப் படுத்துட்டாரு, வெளிய இலை எடுக்குற வண்டி ஹாரன் அடிச்சிட்டிருக்கு.

டிஎஸ்3231 ஆர்டிசி மாட்யூல், அதாவது சொந்த பேட்டரி வச்ச குட்டிக் கடிகார போர்டு, வாங்கி மாட்டினதுல அது தீர்ந்துது. அதுல ஒண்ணு கவனிங்க, அந்த நீல போர்டுல பேட்டரிய சார்ஜ் பண்ற சர்க்யூட் ஒண்ணு இருக்கு, கடைல கிடைக்குற சிஆர்2032 சார்ஜ் ஏத்தக் கூடாத பேட்டரி. அதனால 5 வோல்ட் பின்ல குடுக்காம 3.3 வோல்ட்லயே குடுங்க.

அடுத்து எஸ்டி கார்டு. எழுதிட்டு இருக்கும்போது கரண்டு போனா கார்டு காலி, மறுபடி ஸ்டார்ட்டே ஆகாது. ராஸ்பி-கான்ஃபிக்னு பையோட செட்டிங்ஸ் புரோகிராம் இருக்கு, அதுல ஓவர்லே ஃபைல் சிஸ்டம் ஆன் பண்ணிட்டா கார்டுல எதுவுமே எழுதாது, எல்லாம் ரேம்ல தான். ஆனா பாருங்க, டீ போர்டு மாசாமாசம் அறிவிக்கிற பச்சைத் தேயிலை விலைய நான் கண்ணாடி மூலையில டைப் பண்ணி வைப்பேன், ரீஸ்டார்ட் ஆனா பழைய மாச விலைக்கே போயிருது. பழைய விலை ஜாஸ்தின்னா அப்பா சந்தோஷப்பட்டுக்கறாரு, அது வேற விஷயம். இப்ப அந்த ஒரு ஃபைல் மட்டும் பென்டிரைவ்ல இருக்கு.

லவ்டேல்
நல்ல த்ரெட். எனக்கு முகமே கோணலாப் போச்சு. அக்ரிலிக்க ஃப்ரேமுக்குள்ள இம்மியும் இடம் விடாம டைட்டா போட்டுக் குடுத்தாரு கார்பென்டர், ராத்திரி குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் நடுவுல அது வளைஞ்சு, நின்னு பாத்தா நெத்தி ஒரு பக்கம் தாடை ஒரு பக்கம். அக்ரிலிக் கண்ணாடிய விட ஏழெட்டு மடங்கு விரியும், 60 செ.மீ. ஷீட்டுக்கு 15 டிகிரி வித்தியாசம்னா அரை மில்லிமீட்டருக்கு மேல போகும். சுத்தி ரெண்டு மில்லிமீட்டர் இடம் விட்டு, ஒட்டாம, சும்மா தாங்குற மாதிரி வைக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு, காலைல கண்ணாடி மங்கலா இருக்கு, துடைச்சா போகல. வெளிய இல்லங்க, உள்ள, பேனலுக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவுல ஈரம் பிடிச்சிருக்கு. ராத்திரி ஸ்கிரீன் ஆஃப், கண்ணாடி ஜில்லுனு ஆயிருது, காலைல வெந்நீர் ஆவி வந்ததும் படிஞ்சிருது. தூசி வரக்கூடாதுன்னு நான் நாலு பக்கமும் சீல் வச்சிருந்தேன், ஒருதடவ உள்ள போன ஈரம் வெளிய வர வழியே இல்ல. மேலயும் கீழயும் காத்துத் துளை விட்டு, கொசுவலை ஒட்டி, விடியக்காலம் ஸ்கிரீன முன்னாடியே ஆன் ஆகற மாதிரி டைமர் வச்சாச்சு. பேனல் சூட்டுலயே கண்ணாடி கதகதன்னு இருந்தா ஈரம் உக்காராது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கன்னு சொல்வாங்க, டிசம்பர்ல அதெல்லாம் யானைப் பசிக்கு சோளப்பொரி.

கொடை நாயுடுபுரம்
அண்ணே, எனக்கு ரெண்டு பிரச்சனை. மொதல்ல வானிலை. குளிர்ல கைய தேச்சுக்கிட்டு நிக்கோம், கண்ணாடி 27 டிகிரிங்குது, அடிவாரத்து வத்தலக்குண்டு கணக்கு போல. மலைல ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு டிகிரிக்கு மேல குறையும், நாம இருக்கறது 2,100 மீட்டர், வானிலை சர்வீஸ்காரன் ஒரே கணக்கா எடுக்குற நிலக்கட்டம் பெருசு, அதுல பாதி அடிவாரம். ஓப்பன்-மீட்டியோங்கற வேற வானிலை சர்வீஸுக்கு மாத்தினேன், அது உயரத்தையும் கணக்குல எடுத்துக்கிடுது, பதிவு பண்ணி வாங்கற ஏபிஐ சாவியும் கேக்கல. இப்ப வாசல்ல தொங்குற தெர்மாமீட்டரோட ஓரளவுக்கு ஒத்துப்போவுது.

ரெண்டாவது தான் பெருசு. நம்மகிட்ட ஹோம்ஸ்டே இருக்கு, ரூமுக்கு ஒண்ணு மாட்டுவோம்னு ஒரு ரூம்ல மாட்டினேன். சென்னைல இருந்து வந்த ஃபேமிலி, அந்தக்கா நகத்த கண்ணாடில வச்சுப் பாத்துட்டு நேரா ரிசப்ஷனுக்கு வந்துட்டாங்க, "தம்பி அதுக்குப் பின்னாடி என்ன வச்சிருக்க"ன்னு. நகத்துக்கும் பிம்பத்துக்கும் நடுவுல இடைவெளி இல்லன்னா டூ-வேன்னு வாட்சப்ல சுத்துதே, அது. பேனலக் கழட்டி, பின்பக்கம் காட்டி, கேமரா கிடையாதுன்னு நிரூபிச்சேன். ஆனா நியாயம் அவங்க பக்கம் தானே, படுக்கற ரூம்ல ஒருபக்கம் தெரியற கண்ணாடி இருந்தா யாருக்குத்தான் தூக்கம் வரும்? இப்ப அது ரிசப்ஷன்ல தொங்குது. ரூம்ல மாட்டணும்னு யாராவது நெனச்சா வேணாம்ணே.

குன்னூர்க்காரன்
தம்பி சொன்னது சரி, ரூமுக்கு வேண்டவே வேண்டாம். கோத்தகிரி தங்கச்சி, கரண்டு பத்திப் பேசினதால கேக்கறேன், ஸ்கிரீன் மூலையில மஞ்சள் மின்னல் வருதா? ஃபோன் சார்ஜர்ல ஓட்டினா வரும், வோல்டேஜ் பத்தலன்னு அர்த்தம். பை 4க்கு 5.1 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் வேணும், டிஸ்ப்ளே போர்டுக்கு தனி அடாப்டர்.

கோத்தகிரி ஹட்டி
வருதுண்ணா! ராத்திரி பக்கத்து வீட்ல ஹீட்டர் போட்டா தான் வருது. அடாப்டர் மாத்திப் பாத்துட்டு சொல்றேன். லவ்டேல் அண்ணா, அக்ரிலிக் எங்க வெட்டினீங்க? இங்க கண்ணாடிக் கடைல கேட்டா கட்டடத்து முகப்புக்குப் போடற நீலக் கண்ணாடிய எடுத்து நீட்டறாங்க.

லவ்டேல்
அது வேணாம்மா, டிஸ்ப்ளே மங்கி நீலமாத் தெரியும். கோயமுத்தூர்ல போர்டு எழுதற கடைகள்ல கேளு, 3 எம்எம், அளவு சொன்னா வெட்டியே தருவாங்க. பாலித்தீன உரிக்காம எடுத்துட்டு வா, பஸ்ல கீறல் விழுந்துரும்.