கட்டி அடக்கியா, கட்டித்தடுப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கட்டி உருவாகாமல் காக்கும் புரதங்களைக் குறிக்கும் ‘டியூமர் சப்ரெஸர் புரோட்டீன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் முன்மொழியப்பட்டுள்ள ‘கட்டி அடக்கிப் புரதம்’ என்ற சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அடக்குதல் என்றால் ஏற்கெனவே எழுந்துவிட்ட ஒன்றை அடக்குவது என்றே பொருள்படும். இப்புரதங்களோ, கட்டி என ஒன்று தோன்றுவதற்கு வெகு முன்பிருந்தே, நலமான உயிரணுவுக்குள் அன்றாடம் பணி செய்பவை. மும்பை பரேலில் உள்ள புற்றுநோய் மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு மரபணுச் சோதனை அறிக்கையை விளக்கும்போது, ‘அடக்கி’ என்றதும் அது கட்டியைக் கரைக்கும் மருந்தா என்றுதான் கேட்கிறார்கள்.

இவ்வகைப் புரதங்களுள் ஒன்றான பிஆர்சிஏ2-ஐயே (BRCA2) பாருங்கள். டிஎன்ஏவின் ஈரிழைகளும் ஒருசேர அறுந்தால், அறுந்த முனைகள் சீவப்பட்டு ஒற்றையிழையாக நீளும். அவ்விழையின்மீது ராட்51 (RAD51) என்னும் மற்றொரு புரதத்தை வரிசையாக அமர்த்துவது பிஆர்சிஏ2. ராட்51 போர்த்திய இழை, உடன்பிறந்த குரோமட்டிடில் (அதே குரோமோசோமின் இரட்டைப் படியில்) தனக்கு நிகரான பகுதியைத் தேடிக் கண்டடைய, அதைப் பார்த்து விடுபட்ட பகுதி நிரப்பப்படுகிறது. சிதைந்த சுவடியை மற்றொரு படியோடு ஒப்புநோக்கிச் செப்பனிடுவது போன்ற இவ்வேலை நின்றுபோனால், உயிரணு பிழை மலிந்த வேறு வழிகளில் முனைகளை ஒட்டவைக்கும். அதனால் பிறழ்வுகள் சேர்ந்துகொண்டே போய், அவற்றுட் சில புற்றுக்கு வித்தாகும். இங்கே எதுவும் அடக்கப்படவில்லை. டிஎன்ஏ செப்பனிடப்படுவதால் கட்டி தடுக்கப்படுகிறது. ஆகவே ‘கட்டித்தடுப்புப் புரதம்’ என்பதே என் பரிந்துரை.

‘புற்றுத்தடுப்பு’ என்று சொல்லலாகாதா எனில், இதே வகையைச் சேர்ந்த என்எஃப்1 (NF1) மரபணு பழுதாவதால் நரம்புகளில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றல்ல. இரத்தப் புற்றில் கட்டி ஏது என்னும் எதிர்வினா நியாயமானதே. அக்குறை ஆங்கில மூலச்சொல்லுக்கும் உண்டு.

உட்பிரிவுகளும் தேவை. புற்றுநோய் ஆய்வாளர்களான கின்ஸ்லரும் வோகல்ஸ்டைனும் 1997இல் வகுத்தபடி, உயிரணுப் பெருக்கத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தும் ஆர்பி (RB) போன்ற புரதங்களை ‘வாயில்காப்பு’ வகை என்றும், டிஎன்ஏவைச் செப்பனிட்டுக் காக்கும் பிஆர்சிஏ2, எம்எஸ்எச்2 (MSH2) போன்றவற்றை ‘பேணல்’ வகை என்றும் அழைக்கலாம். 1979இல் கண்டறியப்பட்ட பி53 (p53) புரதம் மட்டும் இரண்டிலும் கால் வைக்கிறது: பி21 (p21) என்னும் புரதத்தின் வழியாக உயிரணுப் பிரிவை நிறுத்திச் செப்பனிட அவகாசம் தருகிறது, செப்பனிடும் மரபணுக்கள் சிலவற்றைத் தூண்டுகிறது, சேதம் மிஞ்சினால் உயிரணுவையே மடியச் செய்கிறது. அதைப் பொதுப்பெயரின்கீழ் மட்டும் வைப்போம்.

அறிக்கையில் இது இவ்வாறு அமையும்: “பிஆர்சிஏ2 என்னும் கட்டித்தடுப்பு மரபணுவில் மரபுவழிப் பிறழ்வு உள்ளது.” மாற்றுக் கருத்துடையோர், தங்கள் சொல்லை இதே வாக்கியத்தில் இட்டுக் காட்ட வேண்டுகிறேன்.