பீஸ் ரேட்: வேலை கூடுமா, வில்லங்கம் கூடுமா?

கணக்கன்:
பேக்கிங் பிரிவில் மாதச் சம்பளத்தை விட்டு பீஸ் ரேட்டுக்கு, அதாவது செய்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலிக்கு, மாறலாமா என்பது கேள்வி. தாராளமாக மாறலாம். அமெரிக்காவில் கார் கண்ணாடி மாட்டும் சேஃப்லைட் நிறுவனம் 1994-95இல் மணிக்கூலியை விட்டு, கண்ணாடிக்கு இவ்வளவு என்று மாறியது. ஆளுக்கு வேலை 44% கூடியதாகப் பொருளாதார அறிஞர் எட்வர்ட் லேசியர் கணக்கிட்டார். வருமானமும் சுமார் 10% ஏறியது. வேறென்ன வேண்டும்?

இரண்டாம்ஷிப்ட்:
அந்த 44-ஐ அப்படியே விழுங்காதீர்கள். அதில் ஏறக்குறைய பாதிதான் இருந்த ஆட்கள் கூடுதலாகச் செய்தது. மீதியில் பெரும்பங்கு, வேகமான ஆட்கள் வந்து சேர்ந்ததால் வந்தது.

அப்புறம், நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பெட்டிக்கு இவ்வளவு என்று வைத்தார்கள். எல்லோரும் சின்னப் பெட்டிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, கனமானதையும் உடையக்கூடியதையும் அடுத்த ஷிப்ட் தலையில் கட்டினார்கள். புதிதாக வந்த பையனுக்கு டேப் எப்படி ஒட்டுவது என்றுகூட யாரும் காட்டவில்லை. காட்டுகிற நேரத்தில் ரெண்டு பெட்டி போய்விடுமே!

கணக்கன்:
அது ரேட் போட்டவர் கோளாறு. கனமான பெட்டிக்குக் கூடுதலாகப் போட வேண்டியதுதானே? சேஃப்லைட்டில் வேலை சரியில்லை என்றால் மாட்டியவரே கூலியில்லாமல் மறுபடி மாட்ட வேண்டும். தரம் தானாக நின்றது.

இரண்டாம்ஷிப்ட்:
கண்ணாடியில் குறை யாருடையது என்று தெரியும். எல்லா வேலையிலும் தெரியுமா? அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஊழியர்களை விற்பனை இலக்கு வைத்து விரட்டினார்கள். வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்கு திறந்தார்கள். 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம். வேலை போனது சுமார் 5,300 பேருக்கு.

தராசு:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். பெரிய வில்லங்கம் ரேட் வெட்டுதான். நிறைய செய்து காட்டினால் அடுத்த மாதம் ரேட்டைக் குறைப்பார்கள் என்று தெரிந்தவர் வேண்டுமென்றே மெதுவாகத்தான் செய்வார். வெல்டிங் கருவி செய்யும் அமெரிக்க நிறுவனமான லிங்கன் எலெக்ட்ரிக் பல பத்தாண்டுகளாக பீஸ் ரேட்டில் ஓடியது. ஒருவர் அதிகம் சம்பாதிக்கிறார் என்பதற்காக அங்கே ரேட்டைக் குறைப்பதில்லை. இயந்திரமோ செய்முறையோ மாறினால்தான் திருத்துவார்கள்.

இரண்டாம்ஷிப்ட்:
அதை எழுத்தில் கொடுத்து, நிலையான சம்பளமும் ஒரு பங்கு வைத்தால் எனக்குச் சம்மதம்.

கணக்கன்:
நிலையான பங்கு எதற்கு? உழைக்காதவருக்கும் அது போகுமே.

இரண்டாம்ஷிப்ட்:
சரக்கு வராமல் கை கட்டி உட்கார்ந்திருக்கும் நாளுக்கு. நீங்கள் சொன்ன சேஃப்லைட்டிலேயே குறைந்தபட்ச மணிக்கூலிக்கு உத்தரவாதம் இருந்தது, ஐயா.